சூனியம் படித்து வந்தவன்

நல்லகாமன் கண்டிச் சீமையில் சூனியம் படித்துவிட்டு வந்திருக்கிறான் என்று வேலாங்குளத்தில் பேச்சுக் கிளம்பியதற்கு அவன் வாய்தான் காரணம். ஊருக்கு வந்த புதிதில் ஒருநாள் கிணற்று வேலை முடிந்து கரையில் உட்கார்ந்திருந்தபோது கூட வேலை பார்த்தவன் கேட்டான்: "ஏண்ணே, அம்புட்டு வருசம் அந்தச் சீமையில கிடந்தீகளே, அப்படி என்னதான் கத்துக்கிட்டு வந்தீக?"

நல்லகாமன், "எல்லாம் சூனியம்னு கத்துக்கிட்டேன்" என்றான்.

அவன் சொன்னது ஒன்று, ஊர் கேட்டது வேறொன்று. மறுநாள் காலையில் ஒருத்தி முந்தானையில் நாலு கோழிமுட்டையை முடிந்துகொண்டு வந்து, மருமகள் வைத்த செய்வினையை எடுத்துவிடச் சொல்லி வாசலில் நின்றாள். அதெல்லாம் தனக்குத் தெரியாது என்று இவன் சொல்லச் சொல்ல, பெரிய வித்தைக்காரன்தான் இப்படி மறைப்பான் என்று நினைத்துக்கொண்டு முட்டையை வைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் சின்னப் பிள்ளைகளை அவன் நிழல் படாமல் ஒதுக்கி நடத்தினார்கள்.

அவன் படித்தது அந்தச் சூனியம் இல்லை.

பதினெட்டு வயதில் கங்காணியோடு கப்பலேறிப் போனவன் நல்லகாமன். தேயிலைத் தோட்டம் அவனுக்குச் சரிப்படவில்லை. கிணறு வெட்டும் கை என்பதால் ஊர் ஊராகக் கிணற்று வேலைக்குப் போனான். கண்டிக்குப் பக்கத்தில் ஒரு புத்த விகாரைக்குக் கிணறு தோண்டியபோது மேலே நின்று கயிறு இழுத்தவன் பண்டா. இவன் வயதுதான் அவனுக்கும். அரைகுறைத் தமிழ் பேசுவான். மழை வருமா, பாறை உடையுமா, நாளைக்கு வேலை இருக்குமா என்று எதைக் கேட்டாலும் "ஸ்திர நே" என்பான். நிச்சயமில்லை என்று அர்த்தம். முதலில் இவனுக்கு அது எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் மேஸ்திரி, வேலை மந்தம் என்று கத்திக்கொண்டே மண்கூடையைக் காலால் எத்திவிட்டான். கூடையோடு மண்ணும் கல்லும் இவன் தலையில் விழுந்தன. ரத்தம் வழிய, கடப்பாரையைக் கையில் பிடித்தபடி நல்லகாமன் கயிற்றில் ஏறினான். கரையில் கால் வைக்கும்போது பண்டா அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"காமன், யாருக்குக் கோபம்? முதல்ல அந்த ஆளைத் தேடு. கிடைச்சா ரெண்டு பேருமாப் போய் மேஸ்திரியை அடிக்கலாம்."

கேலி பண்ணுகிறான் என்று தோன்றினாலும் நல்லகாமன் தேடித்தான் பார்த்தான். காது மடலில் சூடு இருந்தது. கையில் நடுக்கம் இருந்தது. நாக்கில் ஒரு கசப்பு. இவை எல்லாம் இருந்தன. இவற்றுக்கெல்லாம் சொந்தக்காரன் என்று உள்ளே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அவன் தேடி முடிப்பதற்குள் மேஸ்திரி சாப்பிடப் போய்விட்டான்.

அன்றைக்குப் பிடித்தது அந்தப் பழக்கம். அந்தக் கிணற்று வேலை முடியும்வரை, பௌர்ணமிதோறும் விகாரையில் பிக்கு பேசுவது கிணற்றுக்குள் வந்து விழும். பாதிதான் புரியும். மீதியைப் பண்டா சொல்வான். எதுவும் நிற்காது, எதுவும் நிச்சயமில்லை, உள்ளே பார்த்தால் 'நான்' என்று கெட்டியாக ஒன்றும் கிடையாது, எல்லாம் சூனியம்; அதனால் எல்லா உயிர்மேலும் இரக்கமாக இரு. "கடைசியாச் சொன்னதுதான் பெரிசு" என்பான் பண்டா. நல்லகாமனுக்கு முன்னால் சொன்னவைதான் பிடித்திருந்தன. அடி விழுந்தால் வலிக்காமல் இருக்க அவை உதவின. கள்ளை விட்டான். பொய் சொல்வதை விட்டான். இப்படியே அந்தச் சீமையில் மொத்தம் பதினாலு வருசம் போயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதில், அம்மாவுக்கு முடியவில்லை என்று தகவல் வந்து ஊருக்குத் திரும்பினான். அவன் வந்த ஒன்பதாம் நாள் அவள் கண்ணை மூடினாள். கருமாதி முடிந்ததும் மறுபடி கப்பலேறலாம் என்றிருந்தவனைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

நாகமலைக்கு மேற்கே உள்ள கள்ளர் ஊர்களில் அப்போது ரேகைச் சட்டம் நடந்துகொண்டிருந்தது. திருடினவன், திருடாதவன் என்ற பேச்சே இல்லை. அந்தச் சாதியில் பிறந்து வயதுக்கு வந்த ஆண்பிள்ளையாக இருந்தால் போதும், ரேகை வைக்க வேண்டும். இருட்டுகிற நேரத்தில் ஊர்ச் சாவடிக்கு வந்து பேர் கொடுத்துவிட்டு, விடியும்வரை அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு எழுதி வாங்க வேண்டும். மீறினால் ஜெயில்.

ரைட்டர் அவன் பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து மையில் உருட்டிக் காகிதத்தில் வைத்து அழுத்தினார். முடிந்ததும் பெருமையாகச் சொன்னார்: "இனி நீ எங்கேயும் ஓட முடியாது. இந்த உலகத்துலயே இந்த ரேகைக்கு நீ ஒருத்தன்தான். சாகிறவரைக்கும் இது மாறாது."

நல்லகாமனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேடினால் கிடைக்காத ஆளை இவர் பத்து விரலில் பிடித்துவிட்டாரே என்று நினைத்தான். சிரித்ததற்கு ஓர் அறை விழுந்தது.

கண்டிக்குப் போக ராதாரிச் சீட்டு கிடைக்கவில்லை. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், கோச்சடையில் மாமன் மகள் ஜெயக்கொடியைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டான். அவள் வைகைக் கரைக்காரி. ஆற்றுத் தண்ணீரில் வளர்ந்தவள், இந்தச் செம்மண் கரட்டில் வந்து விழுந்தாள். பெண்களுக்கு ரேகை இல்லை. வாரத்தில் ரெண்டு நாள் கத்தரிக்காய்க் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மதுரைச் சிம்மக்கல்லுக்கு நடந்துபோய் விற்றுவிட்டு வருவாள். பட்டணத்தில் பார்த்ததையெல்லாம் வந்து சொல்வாள். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். பேச்சு பாதியில் இருக்கும்போதே பொழுது சாய்ந்துவிடும். சாவடியில் போர்த்திப் படுக்கத் துப்பட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாரேன்" என்று எழுந்துவிடுவான்.

சாவடி என்பது நாலு பக்கமும் ஆள் உயரச் சுவர், அதற்குமேல் இடைவெளி விட்டுத் தூண்களில் நிற்கும் ஓடு, உள்ளே நாற்பது ஆம்பிளைகள். திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவனும் திரும்ப வேண்டும். வியர்வையும் பீடிப் புகையுமாக மூச்சு முட்டும். தலையாரி பால்பாண்டி லாந்தரோடு வாசலில் உட்கார்ந்து பேர் கூப்பிடுவார். இவர்கள் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். நல்லகாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சைப் பார்ப்பான். அடைபட்டுக் கிடப்பவன் யார் என்று உள்ளே தேடுவான். கிடைக்காது. அதில் ஒரு நிம்மதி இருந்தது. மற்றவர்கள் சுவரைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கினார்கள். இவன் மட்டும் தப்பித்துவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

முப்பத்துநாலாம் வருசம், மாசி மாதம். எட்டு மாதப் பையன் அவனுக்கு. மூன்று நாளாகக் காய்ச்சல். அன்றைக்குச் சாவடியில் பேர் கூப்பிட்டு முடித்த சமயம், சுவருக்கு வெளியே ஜெயக்கொடியின் சத்தம் கேட்டது.

"புள்ளைக்குக் கண்ணு சொருகுது. கையும் காலும் இழுக்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

நல்லகாமன் வாசலுக்கு வந்தான். பால்பாண்டி குறுக்கே கம்பை நீட்டினார்.

"தலையாரியண்ணே, புள்ளையைப் பாத்துட்டு உடனே வந்துருவேன்."

"உன்னை விட்டா என் சோலி போயிரும்டா. எனக்கும் நாலு புள்ளை இருக்கு. எழுதி வாங்கிட்டு வந்தா விடுறேன்."

எழுதித் தருகிற ஸ்டேஷன் ஆறு மைலுக்கு அப்பால் இருந்தது. சுவர் ஆள் உயரம்தான். பதினாலு வருசம் கிணற்றுக்கயிற்றில் ஏறி இறங்கினவனுக்கு அது ஒரு உயரமே இல்லை. ஆனாலும் நல்லகாமன் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான். கண்ணை மூடினான். பதறுகிறவன் யார் என்று தேடினான். வெளியே அவள் கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் சத்தம் இல்லை.

விடிந்து அவன் போனபோது பிள்ளை குளிர்ந்து கிடந்தது. ஜெயக்கொடி மடியிலிருந்து இறக்கவே இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலை அவன் சொன்னான். "எதுவும் நிக்காது ஜெயக்கொடி. யாருக்கு யாரு அழுகிறது? எல்லாம் சூனியம்."

அவள் அவன் முகத்தை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். அதற்கப்புறம் சோறு போட்டாள், துணி துவைத்தாள், கூடையைத் தூக்கிக்கொண்டு சிம்மக்கல் போனாள். பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. பட்டணத்துக் கதையெல்லாம் அவனுக்கு வரவே இல்லை. வீட்டிலும் அவன் மூச்சைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். உள்ளே தேடினால் யாரும் இல்லைதான். ஆனால் முன்பு இருந்த நிம்மதியும் இல்லை. வீடு ஒரு சாவடியாகவும் சாவடி இன்னொரு சாவடியாகவும் இருந்தன. எல்லா உயிர்மேலும் இரக்கமாக இரு என்பதைப் பண்டா பெரிசு என்று சொன்னது அவ்வப்போது நினைவுக்கு வந்தது. அவன் அதை நினைக்காமல் தள்ளிக்கொண்டு வந்தான்.

இரண்டு வருசம் கழித்து ஐப்பசியில் ஒருநாள், மதியத்திலிருந்து விடாமல் மழை. சாவடியில் நல்லகாமனுக்குப் பக்கத்தில் படுப்பவன் காளை. விருமாண்டி மகன், இருபத்தைந்து வயது. அவன் பெண்டாட்டி ஒச்சாயிக்கு முதல் பிரசவம். வலி கண்டு நெடுநேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. மருத்துவச்சி சோலையம்மாள் இருப்பது ஓடைக்கு அந்தப் பக்கம் சேரியில். ஓடை இடுப்பளவு தண்ணீராகப் போகிறது. வயசான மனுஷி தானாக வர முடியாது. யாராவது போய்த் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். பொழுது இருட்டினால் வேலாங்குளத்தில் தூக்கி வர ஆம்பிளையே கிடையாது. அத்தனை பேரும் சாவடியில்.

எல்லாரும் சாவடிக்குள் நுழைந்துகொண்டிருந்த நேரத்தில் காளை சுவரோரமாக நல்லகாமனைப் பிடித்துக்கொண்டான். உடம்பெல்லாம் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தான்.

"மாமா, நான் போறேன். ஜெயில்ல போட்டாலும் போடட்டும். அவ கத்துறதைக் கேட்டுட்டு என்னால உள்ள உக்கார முடியாது."

"போ மாப்ள" என்றான் நல்லகாமன். "நிக்காம போ."

காளை மழைக்குள் மறைந்தான். நல்லகாமன் உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கண்ணை மூடவில்லை. பால்பாண்டி லாந்தரைத் தூணில் மாட்டிவிட்டுப் பேர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள். நல்லகாமன் பேர் வந்தது. அவனும் சொன்னான். இன்னும் ஏழெட்டுப் பேர் கழிந்தன.

"விருமாண்டி மகன் காளை."

கூரையில் மழைச் சத்தம்.

"காளை!"

"இருக்கேன்" என்றான் நல்லகாமன்.

கிட்டத்தட்ட இருபது வருசமாக ஒரு பொய் சொல்லாதவன். வாயிலிருந்து வந்தபிறகுதான் சொன்னது அவனுக்கே தெரிந்தது. அது அவன் பேர் இல்லை. ஆனால் நல்லகாமன் என்ற பேர் மட்டும் எந்த விதத்தில் தன்னுடையது என்று அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது. இரண்டும் எவனோ ஒருவன் வைத்து, எவனோ ஒருவன் எழுதி, எவனோ ஒருவன் கூப்பிடுகிற சத்தம். ஓடைக்கு அந்தப் பக்கம் ஓடுகிற ஒருத்தனுக்கு அந்தச் சத்தம் தேவைப்பட்டது. கொடுத்துவிட்டான்.

பால்பாண்டி தலையைத் தூக்கினார். பதினைந்து வருசமாக இந்தச் சாவடிக் குரல்களைக் கேட்டுவருகிறவர். லாந்தரைத் தூணிலிருந்து எடுத்து உயர்த்திப் பிடித்தார். வெளிச்சம் நல்லகாமன் முகத்தில் விழுந்து, பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் விழுந்து, மறுபடி அவன் முகத்துக்கு வந்தது. லாந்தரைத் திரும்ப மாட்டிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

அதோடு போயிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஊர் அடங்குவதற்கு முன்னாலேயே, இரண்டு போலீஸ்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஏட்டு வந்துவிட்டார். மழையில் தப்பித்து ஓடுவார்கள் என்று அன்றைக்கு எல்லாச் சாவடியிலும் சோதனை. தலை எண்ணினால் ஒன்று குறைந்தது. ஏட்டு பேர்ப் புத்தகத்தைப் பார்த்தார்.

"காளைன்னு டிக் போட்டிருக்கே. காளை எங்கே? எவன்டா பதில் சொன்னது?"

ஏட்டு பால்பாண்டி பக்கம் திரும்பினார். நல்லகாமன் எழுந்து நின்றான்.

"நான்தாங்க."

"தலையாரிக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. துப்பட்டியை வாயில வச்சுக் குரலை மாத்திச் சொன்னேன்." அது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிட அது லேசாக வந்தது.

அவனை முற்றத்தில் போட்டு அடித்துக்கொண்டிருக்கும்போதே காளை வந்து நின்றான். சோலையம்மாளைத் தோளில் தூக்கி ஓடையைக் கடந்து, வீட்டில் இறக்கி விட்டுவிட்டு, பிள்ளைச் சத்தம் கேட்டதும் ஓடி வந்தவன். "பொம்பளப் புள்ளை மாமா. தாயும் புள்ளையும் நல்லா இருக்கு" என்றான். அவனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட், வேறொருவன் பேருக்கு ஏன் பதில் சொன்னாய் என்று கேட்டார். நல்லகாமன் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அது என் பேர் இல்லைதாங்க. ஆனா என் பேர்னு அந்தப் பேர்ப் புத்தகத்துல எழுதியிருக்கிறதும் நான் இல்லைங்களே." கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கோர்ட்டைக் கேலி பண்ணுகிறான் என்று மாஜிஸ்திரேட்டுக்குக் கோபம். காளைக்கு மூன்று மாதம், இவனுக்கு ஆறு மாதம் தீர்ப்பாயிற்று.

மதுரை ஜெயிலுக்கு ஜெயக்கொடி ஒரே ஒரு தடவை வந்தாள். காலிக் கத்தரிக்காய்க் கூடை இடுப்பில் இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கூடையைத் தரையில் இறக்கினாள். பிறகு கேட்டாள்.

"அந்தப் பொய் எங்க இருந்துச்சு?"

அவள் கம்பியை நெருங்கி வந்தாள்.

"ஒச்சாயிக்கு வந்துச்சுல்ல. அன்னைக்கு நான் சுவத்துக்கு வெளிய நின்னு கத்துனப்ப அது எங்க போயிருந்துச்சு? ஆள் உயரச் சுவரு, நீ ஏற மாட்டியா? ஏறியிருந்தா புள்ளை பிழைச்சிருக்காதுன்னே வச்சுக்குவோம். நான் தனியாக் கிடந்தேன்ல? விடிஞ்சு வந்து, யாருக்கு யாரு அழுகிறதுன்னு கேட்டியே. நான் அழுதேன்யா. என் புள்ளைக்கு நான் அழுதேன்."

மூன்று வருசத்துப் பேச்சு அது. போலீஸ்காரன் நேரமாகிவிட்டது என்று தட்டினான். நல்லகாமன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு நான் ஒளிஞ்சுக்கிட்டேன் ஜெயக்கொடி" என்றான். "கண்ணை மூடி உள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டேன். அது படிச்ச படிப்பு இல்லை. பயம்."

அவளிடம் மன்னிப்பு என்று அவன் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் கொடுக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றைக்குக் கொட்டடியில் உட்கார்ந்து அவன் மூச்சைப் பார்க்கவில்லை. பிள்ளையை நினைத்துக்கொண்டு அழுதான். கூட இருந்தவர்கள் அடி தாங்காமல் அழுகிறான் என்று நினைத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து ஊருக்கு வந்த அன்று மாலை, வழக்கம்போலச் சாவடிக்குப் போனான். பால்பாண்டி இவனைப் பார்த்ததும் எழுந்தார்.

"எனக்காக எதுக்குடா பொய் சொன்ன? அன்னைக்கு உன் புள்ளைக்கு வழிவிடாதவன் நான்."

"உமக்கும் இந்தச் சாவடிதானே கதி அண்ணே. நாங்க நாப்பது பேரு படுத்துக் கிடக்கோம், நீரு உக்காந்து கிடக்கீரு. அம்புட்டுத்தான்."

அதற்கப்புறம் சாவடியில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. யார் வீட்டிலாவது நோய்நொடி என்றால் அவர் லாந்தரின் திரியை இறக்கிவிடுவார். இருட்டில் பேர் கூப்பிடுவார். எந்தப் பேருக்கு எந்தக் குரல் பதில் சொல்கிறது என்று கேட்க மாட்டார். யாராவது ஒருவன் சொல்வான். எப்போதும் நல்லகாமனே சொல்ல வேண்டும் என்று இல்லாமல் போயிற்று.

சட்டம் மட்டும் போகவில்லை. யுத்தம் வந்தது, முடிந்தது. பண்டாவுக்கு எழுதிப்போட்ட கடுதாசிக்குப் பதில் வரவில்லை. ஜெயக்கொடி மெல்லப் பேச ஆரம்பித்தாள்; முதலில் மாட்டைப் பற்றி, அப்புறம் மழையைப் பற்றி, ஒரு வருசம் கழித்து சிம்மக்கல்லில் பார்த்ததைப் பற்றி. அவர்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. பொழுது சாய்ந்தால் துப்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் எழுந்துதான் ஆகவேண்டியிருந்தது.

நாற்பத்தேழில் ரேகைச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். தமுக்கடித்துச் சொன்ன அன்று ஊரே சாவடி முன்னால் ஆடியது. நல்லகாமனுக்கு நாற்பத்தொன்பது வயது. பதினேழு வருசத்தில், ஜெயிலில் இருந்ததைத் தவிர, ஓர் இரவு தவறாமல் அந்தச் சுவருக்குள் படுத்தவன், அன்றைக்குத்தான் தன் வீட்டில் பாயை விரித்தான்.

ஜெயக்கொடி விளக்கைத் தணித்துவிட்டு, கதவைச் சாத்திக் கட்டையைக் குறுக்கே போட்டாள். கட்டை விழுந்த சத்தத்தில் அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். மூச்சு முட்டியது.

"கதவைத் திறந்து வையேன்."

"திறந்து வச்சா எனக்குக் கண்ணு மூடாது" என்றாள் அவள். "பதினாறு வருசம் ஒத்தையாப் படுத்தவ நான். ஊர்ல ஒரு ஆம்பளை கிடையாதுன்னு தெரிஞ்சு எவனெவன் வந்து கதவைத் தட்டியிருக்கான், தெரியுமா உனக்கு? தலைமாட்டுல அருவாளை வச்சுக்கிட்டுத்தான் படுப்பேன்."

அவனுக்குத் தெரியாது. ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. அவன் கேட்டதும் இல்லை. எழுந்துபோய் அவள் தலைமாட்டைப் பார்த்தான். பாய்க்கு அடியில் அருவாள் இருந்தது. பிடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"யாரு தட்டுனது?"

"இனி அதைத் தெரிஞ்சு என்ன செய்யப்போற? படு."

அவன் படுக்கவில்லை. அவளை எல்லாவற்றையும் சொல்லச் சொன்னான். அவள் சொன்னாள், ஒவ்வொரு வருசமாக. அவன் கண்ணை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். இடையிடையே அவனுக்குக் கை நடுங்கியது, காது சுட்டது. அவன் அதையெல்லாம் தள்ளிவிட்டு உள்ளே போகவில்லை.

முதல் மூன்று நாள் இரண்டு பேருக்குமே தூக்கம் இல்லை. கதவை மூடினால் அவன் விழித்திருந்தான், திறந்தால் அவள் விழித்திருந்தாள். நாலாம் நாள் அவள் கதவை ஒரு முழம் திறந்துவைத்து, அந்தச் சந்தில் ஆட்டுக்கல்லைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள். ஆள் நுழைய முடியாது, காற்று வரும். அவன் கல்லுக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படுத்தான். அவள் உள்சுவரோரமாகப் படுத்தாள். அருவாளை எடுத்து அவன் கையில் கொடுத்து, "உன் பக்கம் வச்சுக்க" என்றாள்.